பக்கத்தில் ஆர் இருந்தது?

என் மனைவி றோசலினைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக அவள் மற்றவர்களுடைய கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். அவளுடைய கதையை எழுத ஒருவரையும் காணோம். "எழுதுங்க. ஆனா புளுகினா கிழிச்சுப் போடுவன்" என்று மட்டும் சொன்னாள். கிழிக்கக்கூடியவள்தான்.

நாங்கள் இருவரும் மட்டக்களப்புப் பக்கம். வாவிக்கரையில் இருந்த ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். நான் அவளுக்கு இரண்டு வகுப்பு மேலே. பள்ளிக்கூடத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அடைமொழி போதாது என்று பழைய மாணவர் சங்கத்தார் சண்டைக்கு வருவார்கள். கலியாணம் கட்டியது கனடாவில், மொன்றியலில். பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் வீடு. குளிர்காலத்தில் வெளிப்படிக்கட்டில் அரிசி மூட்டை ஏற்றுவது என் வேலை, மேலே நின்று "வழுக்கும், பாத்து" என்பது அவள் வேலை.

நான் நகரின் மேற்கே, பியர்பொன்ட்ஸ் பக்கம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன். நிறுத்தத்தில் ஒரு பிள்ளை நிற்காவிட்டால் எனக்குப் பஸ்ஸை எடுக்க மனம் வராது. ஹோர்ன் அடிப்பேன், காத்திருப்பேன், அலுவலகத்துக்கு அழைத்து அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்பேன். "கிறகரி, அது உன் வேலை இல்லை" என்று பலமுறை சொல்லிவிட்டார்கள். காதில் போட்டுக்கொள்வதில்லை.

றோசலின் இருபது வருடத்துக்கு மேலாகக் கார்டெறியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறாள். பேச்சே வராத பிள்ளையும் சரி, பேச்சு நிற்காத பிள்ளையும் சரி, அவள் முன்னால் ஒழுங்காக உட்காரும். அவளுடைய பிரெஞ்சைக் கேட்டு இந்த ஊரில் பிறந்தவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். என் பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி, "பின்னால் போய் உட்கார்" என்பதோடு நின்றுவிட்டது.

நாற்பத்தைந்து வயதில் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே, "நான் மேற்படிப்புப் படிக்கப் போறன்" என்றாள். பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்துவிட்டதாம். என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். போர் நடக்கும் இடங்களில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், அங்கே பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு.

"அதப் படிக்க யுனிவர்சிட்டி எதுக்கு? நாம அதுக்குள்ளதானே படிச்ச" என்றேன்.

"நீங்க பஸ் ஓட்டுறீங்க. எஞ்சின் செய்யத் தெரியுமா?"

அதோடு நான் கீரையை ஆயத் தொடங்கினேன்.

வகுப்புகளை அவள் ஊதித் தள்ளினாள். மாலையில் மெட்ரோவில் போய் இருந்து படிப்பாள், மகள் வயதுப் பிள்ளைகளோடு வாதாடுவாள், சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். பிறகு பேட்டிகளின் கட்டம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் போர்க்காலத்தில் படித்து, இன்று மொன்றியலில் இருப்பவர்களைக் கண்டு பேசவேண்டும். குடும்பத்தாரைப் பேட்டி எடுக்கக்கூடாது என்பது பல்கலைக்கழகத்து விதி. எனக்கு அந்த விதி மிகவும் பிடித்திருந்தது. அந்தக் காலத்தைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதை நான் விரும்பியதில்லை.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை ஒன்றை றோசலின் செய்தாள். ஆய்வைப் பழைய மாணவர் சங்கத்தின் கையில் கொடுத்தாள்.

வேறு ஊர்க்காரர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். எங்களுக்குக் கோவில் ஒன்று, சேர்ச் ஒன்று என்றால், பழைய மாணவர் சங்கம் மூன்றாவது. வருடாந்த ஒன்றுகூடல், இராப்போசனம், ஆளுயர ஆண்டுமலர், அதில் எல்லோருக்கும் ஒரு படம். தலைவர் கனகசிங்கம் சேர். எங்களுக்குக் கணக்குப் படிப்பித்தவர். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. அவர் மண்டபத்துக்குள் வந்தால் பேரப்பிள்ளை கண்ட ஆட்களும் எழும்பி நிற்பார்கள். நானும் நிற்பேன், பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கும் அவருக்கும் ஒரு பழைய கணக்கு இருந்தது. அது எனக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஒன்றுகூடலில் றோசலின் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். கைதட்டல் கூரையைத் தொட்டது. "எங்கட பள்ளிக்கூடம் யுனிவர்சிட்டிக்குப் போகுது" என்று சேர் முழங்கினார். பேட்டி கொடுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் காரோட்டி, ஒவ்வொரு சனி ஞாயிறும் வீடு வீடாகக் கூட்டிப்போவேன். அவள் அறைக்குள் பேசுவாள், நான் வீட்டுக்காரருடன் ஹொக்கி பார்ப்பேன். ஆனால் கதவுக்கு வெளியே எல்லாம் கேட்டது, ஏனென்றால் உள்ளே நடந்தது பேட்டி இல்லை, மேடைப்பேச்சு. ஒருவர் கழுத்துப்பட்டி கட்டி, "பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கினார். அறையில் றோசலின் மட்டும்தான் இருந்தாள். எல்லோரும் ஒரே சங்கதியைத்தான் சொன்னார்கள்: எங்கள் பள்ளிக்கூடம் ஒரு நாளும் பூட்டியதில்லை, இத்தனை பேர் டொக்டர், இத்தனை பேர் எஞ்சினியர், அதிபர் ஒரு தெய்வம். அரை மணித்தியாலத்தில் முடித்து, கையில் வடைப் பார்சலும் தந்து அனுப்புவார்கள்.

அவளுடைய பேராசிரியை நல்ல மனுசி. எல்லாவற்றையும் பொறுமையாக வாசித்தாராம். "இவர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்று தெரிகிறது. போர் எங்கே?" என்று கேட்டாராம். பனி உருகுவதற்குள் உண்மையான பேட்டிகள் வராவிட்டால், நூலகத்தில் இருந்து எழுதக்கூடிய வேறு தலைப்புக்கு மாறுவதுதான் வழி என்றும் சொல்லியிருக்கிறார்.

நானாக இருந்தால் உடைந்து போயிருப்பேன். றோசலின் கோபப்பட்டாள். "மாறமாட்டன்" என்றாள். "இத நாம எழுதாட்டி வேற ஆரோ வந்து, அந்தப் பிள்ளைகள் படிக்கல்ல எண்டு எழுதிப்போட்டுப் போவாங்க. இல்லாட்டி சங்கத்தார் எல்லாம் நல்லா நடந்த எண்டு எழுதுவாங்க. ரெண்டும் பொய்."

வழி கார்டெறியில்தான் கிடைத்தது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் தாய்மார், "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள். பிள்ளை "ஒன்றுமில்லை" என்று சொல்லும். எல்லாப் பிள்ளையும் எல்லா நாளும் அதைத்தான் சொல்லும். றோசலின் வேறு மாதிரிக் கேட்பாள்: "சாப்பிடேக்க உனக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?" அவ்வளவுதான். யார் கடித்தது, யார் அழுதது, யார் அப்பிளைப் பறித்தது என்று அணை திறந்த மாதிரி வரும். இருபது வருடமாகக் கேட்டுவரும் கேள்வியைப் பெரியவர்களிடம் கேட்க ஏன் தோன்றவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கார்டெறியில் இருந்து ஒரு பை நிறைய மரக்கட்டைகளை, பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் சின்ன நிறக் கட்டைகளை, கேட்டு வாங்கி வந்தாள். தனுஷா என்ற பழைய மாணவியின் வீட்டுக்கு, செயின்ட்-மிஷேலுக்கு, இரண்டாம் முறையாகப் போனோம். முதல் முறை தனுஷா விளையாட்டுப் போட்டியில் வாங்கிய கிண்ணங்களைப் பற்றிப் பேசியவர். இந்தமுறை றோசலின் கட்டைகளை மேசையில் கொட்டி, "வகுப்பில ஆர் ஆர் எங்க இருந்தவங்க எண்டு அடுக்குங்க. உங்களுக்குப் பக்கத்தில ஆர்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். அடுக்கி முடிந்ததும் "இப்ப அடுத்த தவணை" என்பாளாம். வருடத்துக்கு மூன்று தவணைப் படிப்பு; அந்தத் தவணைக்கு வராத பிள்ளையின் கட்டையை எடுத்துவிடவேண்டும். அவள் முறை அவ்வளவுதான்.

தனுஷா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. றோசலின் வாயைத் திறக்கமாட்டாள், அதுவும் விதி. எனக்குத் தெரிந்தது ஒன்று: ஹொக்கி முடிந்து, செய்தி முடிந்து, அடுத்த ஆட்டமும் தொடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. தனுஷாவின் கண் சிவந்திருந்தது. எங்களைக் கட்டிப்பிடித்து அனுப்பினார். பாதி வழியில்தான் கவனித்தேன், வடைப் பார்சல் தர மறந்துவிட்டார். பிறகு போன வீடுகளிலும் இதே கதைதான். பார்சல் வராத பேட்டி நல்ல பேட்டி என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

இது சங்கத்தின் காதுக்குப் போகாமல் இருக்குமா? றோசலின் ஆட்களை அழவைக்கிறாள், பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுக்கப் போகிறாள் என்று கதை பரவியது. கொடுப்பதாகச் சொன்ன பேட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ரொறன்ரோவில் கலியாணவீடு. சேரின் சொல் இல்லாமல் இனி யாரும் வாய் திறக்கப் போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. வெளியே பனி உருகத் தொடங்கியிருந்தது.

"சேர் வரச் சொல்லியிருக்கார். நீங்களும் வாங்க" என்றாள்.

"நான் வரல்ல."

"நீங்க வராட்டி ஆர் கார் ஓட்டுற?"

சேர் இருப்பது பியர்பொன்ட்ஸில், மகனுடைய வீட்டில். முன்னறையில் நேராக உட்கார்ந்திருந்தார். நான் பழக்கதோஷத்தில் நின்றேன். கையைக் காட்டியதும் இருந்தேன். தேத்தண்ணி வந்தது.

"என்ன புள்ள" என்று றோசலினிடம் தொடங்கினார். "தனுஷா ரெண்டு நாள் வேலைக்கே போகல்லயாம். எதுக்கு இந்த வேலை? எங்கட பள்ளிக்கூடம் ஒரு நாளும் பூட்டினதில்ல. அத எழுது. மத்தத விடு."

"எழுதுறன் சேர். எப்பிடிப் பூட்டாம வைச்சிருந்தீங்க எண்டும் எழுதோணும்தானே?"

அவள் பையை அவிழ்த்துக் கட்டைகளை மேசையில் வைத்தாள். கெஞ்சவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "உங்கட பத்தாம் வகுப்ப அடுக்கிக் காட்டுங்க சேர். தொண்ணூறாம் ஆண்டு."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது. அது என்னுடைய வகுப்பு.

மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாத்தியாரிடம் வகுப்பைக் காட்டச் சொன்னால் கை சும்மா இருக்குமா? இடப்பக்கம் பெண்பிள்ளைகள், வலப்பக்கம் ஆண்பிள்ளைகள், ஒரு வாங்குக்கு இரண்டு பேர் என்று அடுக்கத் தொடங்கினார். பெயர் சொல்லிச் சொல்லி வைத்தார். யார் கெட்டிக்காரி, யார் பிந்தி வருவான் என்று சொன்னார். முகமே இளமையாகிவிட்டது.

"கடைசி வாங்கு, ஜன்னல் பக்கம். இது கிறகரி, கதைச்சுக்கொண்டே இருப்பான். இவனுக்குப் பக்கத்தில திருமாறன். கணக்க முடிச்சுப்போட்டு மெதுவா இவன்ட பக்கம் தள்ளுவான். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. திருமாறனின் பெயரை வேறொருவர் வாயால் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல்.

"இப்ப அடுத்த தவணை, சேர்" என்றாள் றோசலின்.

அந்த வருட நடுவில் சண்டை திரும்பவும் தொடங்கியது. ஊர் கலைந்தது, பிறகு பாதி திரும்பி வந்தது. சேரின் கை நெடுநேரம் கட்டைகளுக்கு மேலே நின்றது. பிறகு எடுக்கத் தொடங்கினார். "இவள் இந்தியாவுக்கு." "இவன் கொழும்புக்கு." சில கட்டைகளை ஒன்றும் சொல்லாமல் எடுத்தார். கடைசியாக எனக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புக் கட்டையை எடுத்தார்.

திருமாறன் ஒரு திங்கட்கிழமை வரவில்லை. வழியில் மறித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அப்படிச் சொன்னவர்களும் தாங்கள் சொல்லவில்லை என்றார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்கும் அவ்வளவுதான்.

மேசையில் இருந்த வகுப்பு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. றோசலின் அதைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் சேர் இப்பிடி இடைவெளி விட்டிருக்கீங்க? மிச்சப் பிள்ளைகள முன்னுக்கு இருத்தியிருக்கலாமே."

"விடமாட்டார்!"

கத்தியது நான்தான். எழும்பியும் நின்றேன், இந்தமுறை மரியாதைக்காக அல்ல. "நான் கேட்டன். முன்னுக்கு வரட்டா சேர் எண்டு கேட்டன். 'இரு உன்ட இடத்தில' எண்டு எல்லாருக்கும் முன்னால ஏசினீங்க. சோதினை வரைக்கும் அந்த வாங்கில தனிய இருந்தன். ஒவ்வொரு நாளும் அவன்ட இடத்தப் பாத்துக்கொண்டு இருந்தன். எனக்கு ஏன் அந்தத் தண்டனை?"

பேட்டிக்கு விதி இடம் கொடுக்காது என்று இவ்வளவு நாளும் ஒளித்திருந்தவன் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். றோசலின் என்னைத் தடுக்கவில்லை. சேரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர் மெல்லச் சொன்னார்: "தண்டனையா? உங்கள முன்னுக்கு எடுத்தா வகுப்பு நிறைஞ்ச மாதிரி இரிக்கும், கிறகரி. பிறகு ஆர் கேப்பாங்க? நான் இடாப்புக் கூப்பிடேக்க அவன்ட பேரையும் கூப்பிட்டன். ஒவ்வொரு நாளும் கூப்பிட்டன். பைத்தியம் பிடிச்சிட்டுது எண்டுதான் நீங்க எல்லாரும் பாத்தீங்க."

வரவு பார்க்கும்போது அவன் பெயரைக் கூப்பிட்டார். அது எனக்கும் நினைவிருந்தது. என்னைக் குத்துவதற்காகக் கூப்பிடுகிறார் என்று அப்போது நினைத்தேன்.

"பள்ளிக்கூடம் பூட்டல்ல, பூட்டல்ல எண்டு நான் சொல்றது டொக்டருக்கும் எஞ்சினியருக்கும் இல்ல. அரைவாசி நாள் சோக்கட்டியே இல்ல, என்னத்தப் படிப்பிக்கிற? ஊரில ஒரு புள்ளை இல்லாமப் போனா, காலையில எழும்பி 'அவன் எங்க?' எண்டு சத்தமாக் கேக்க வேற ஒரு இடமும் இருக்கல்ல. வீட்டுக்காரர் பயத்தில கேக்கமாட்டாங்க. நான் கேக்கலாம், ஏனெண்டா என்ட கையில இடாப்பு இருந்த. அதுக்குத்தான் பூட்டாம வைச்சிருந்தன்."

றோசலின், "இத எழுதலாமா சேர்?" என்று கேட்டாள்.

"எழுது. என்ட பேரோட எழுது. மற்ற ஆக்களுக்கும் நான் சொல்றன், ஒண்டையும் மறைக்காமக் கதைக்கச் சொல்லி."

கட்டைகளைப் பைக்குள் போட அவரும் உதவினார். திரும்பி வரும்போது நான் அழுதேன், வெட்கமில்லாமல். பெருந்தெருவுக்கு ஏறுமுன் றோசலின் காரை ஓரமாக நிறுத்தச் சொல்லி, தான் ஓட்டினாள். அப்போதுதான் ஒன்றைச் சொன்னாள்: "பஸ்ஸுக்கு வராத பிள்ளைக்கு ஏன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க எண்டு உங்கட அலுவலகத்துக்கு விளங்கல்ல. எனக்கு எப்பவோ விளங்கிட்டுது."

காய்ச்சல்காரருக்குக் காய்ச்சல் மாறியது, ரொறன்ரோக் கலியாணம் முடிந்தது. பேட்டிகள் பேராசிரியை வைத்த தவணைக்குள் வந்து சேர்ந்தன. பார்சல் ஒன்றுகூட வரவில்லை. கட்டைப் பையைக் கார்டெறிக்குத் திருப்பிக் கொடுக்கும்போது ஒன்று குறைந்தது. வேறு ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டாள், யாரையும் கேட்கவில்லை.

ஆய்வை நடுவர்கள் முன் வைத்துப் பேசும் நாள் அடுத்த வசந்தத்தில் வந்தது. பார்வையாளர் வரிசையில் ஓரத்து நாற்காலியை விட்டு அடுத்ததில் நான் இருந்தேன். பியர்பொன்ட்ஸில் இருந்து இரண்டு பஸ் மாறி, கழுத்துப்பட்டியோடு கனகசிங்கம் சேர் வந்து என் மற்றப் பக்கத்தில் இருந்தார். நான் எழும்பப் பார்த்தேன். "இரு உன்ட இடத்தில" என்றார், தோளில் கையை வைத்து.

றோசலின் பேசினாள். கார்டெறியில் நிற்பது போலவே நின்றாள், ஒரு கையை இடுப்பில் வைத்து. நடுவர்களில் ஒருவர் கடுமையானவர். பள்ளிக்கூடம் வராதவர்களைத் தேடும் இடம் என்கிறீர்கள், அப்படியானால் படிப்பு எங்கே என்று கேட்டார். அவள் ஒரு நொடியும் தயங்கவில்லை. பதிலை எனக்குப் பிறகு தமிழில் சொன்னாள்: "படிப்பு வேண்டும். ஆனால் புத்தகம் இல்லாமல் ஒரு தவணை போகலாம். ஒரு பிள்ளை எங்கே என்று யாரும் கேட்காமல் ஒரு நாளும் போகக்கூடாது. நாளைக்குப் போர் நடக்கும் ஊரில் பள்ளிக்கூடம் நடத்தப்போகிறவர் என்னிடம் வந்தால், முதலில் இதைத்தான் சொல்வேன்." அந்த மனிதர் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முடிவு சொல்வதற்காக நடுவர்கள் உள்ளறைக்குப் போனார்கள். சேர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சிவப்புக் கட்டை.

"அண்டைக்குப் பையில போட எனக்கு மனம் வரல்ல" என்றார். "இது உன்ட பக்கத்தில இருக்கவேண்டியது."

கையில் வைத்துப் பார்த்தேன். பிறகு ஓரத்தில் காலியாக இருந்த நாற்காலியில் வைத்தேன். நடுவர்கள் திரும்பி வந்து றோசலினின் கையைக் குலுக்கினார்கள். சேர் கைதட்டிய சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது.

கூட்டம் கலைந்த பிறகு சேரை வீட்டில் இறக்கிவிட்டு, பார்க் எக்ஸ்டென்ஷனுக்குத் திரும்பினோம். மேடையில் நின்றவளுக்கு வெளிச்சத்தில் எங்கள் வரிசை தெரியவில்லையாம். எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வியை, வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடமும் கேட்டாள்.

"உங்களுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது?"

"இந்தப் பக்கம் சேர்" என்றேன். "அந்தப் பக்கம் திருமாறன்."